இடப்பக்கத்து மரை

ஒரு விடுகதை போடுகிறேன், விடை சொல்லுங்கள். கூடப்பிறந்தவர்கள் இரண்டு பேர். ஒரே முகம், ஒரே உயரம், ஒரே எடை. ஒருவன் மேலே ஏறும்போது மற்றவன் கீழே இறங்குவான். நாள் முழுக்க ஒரே வட்டத்தில் ஓடினாலும் ஒருவரை ஒருவர் தொட்டுக்கொள்ள மாட்டார்கள். இவன் வீட்டில் அவனைக் குடிவைத்தால் வீட்டுச் சுவர் பெயர்ந்துவிடும். யார் அவர்கள்? தெரிந்தவர்கள் சிரித்துக்கொள்ளலாம், தெரியாதவர்களுக்கு நானே சொல்லிவிடுகிறேன். சைக்கிளின் இரண்டு பெடல்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் இடது பெடலின் மரை, அதாவது திருகாணியின் மேல் சுற்றிச் சுற்றி ஓடுகிற அந்த வரி, மற்றத் திருகாணிகளுக்கு எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருக்கும். வலது பெடலை வலப்பக்கம் திருகினால் இறுகும். இடது பெடல் இடப்பக்கம் திருகினால்தான் இறுகும். மாற்றிப் போட்டால் முதலில் முரண்டு பிடிக்கும். விடாமல் பலம் கொடுத்துத் திருகினால் உள்ளே போகும், ஆனால் போகிற வழியில் இருக்கிற மரையை எல்லாம் அறுத்துக்கொண்டு போகும். அப்புறம் ஐம்பது கிலோமீட்டரோ நூறு கிலோமீட்டரோ போனதும் நடுரோட்டில் கழன்று விழும்.

அப்படி விழுந்த ஒரு பெடலைக் கையில் பிடித்துக்கொண்டு, மே மாதத்தில் ஒரு காலை எட்டே முக்கால் மணிக்கு, சாயல்குடிக்கும் வேம்பாருக்கும் நடுவே கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்து வேப்பமரத்தடியில் ஜெபமலர் நின்றுகொண்டிருந்தாள். இன்னொரு கையில் போன். இப்போதுதான் பேசி முடித்திருந்தாள். பேசி முடித்தாள் என்பதைவிடக் கத்தி முடித்தாள் என்பது சரி. "நீங்க தொட்ட எதுதான் உருப்பட்டிருக்கு, சொல்லுங்க பாப்போம்" என்பது அவள் கடைசியாகச் சொன்ன வாக்கியம். அந்தப் பக்கம் ரூபன், பிரிந்து இருக்கிற அவள் கணவன். "அங்கேயே நிழல்ல இருங்க, வண்டி எடுத்துட்டு ஒன்றரை மணி நேரத்துல வாரேன்" என்று சொல்லி வைத்துவிட்டான். வாரேன். எவ்வளவு நிதானமாக ஒரு வாரேன். திட்டினால் திருப்பித் திட்டத் தெரியாத மனுஷனோடு எப்படிச் சண்டை போடுவது, சுவரில் பந்தடிப்பதுபோல நாமே அடித்து நாமே பிடிக்க வேண்டியிருக்கிறது, பார்க்கிறவர்களுக்கு நாம்தான் வெறி பிடித்தவளாகத் தெரிகிறோம். பார்க்கிறவள் இரண்டடி தள்ளிக் கிலோமீட்டர் கல்லின்மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பெனிட்டா, பன்னிரண்டு வயது, அவர்கள் இருவருக்கும் ஒரே பெண். அவளுடைய சிவப்புச் சைக்கிள் ஒரு குறையும் இல்லாமல் மரத்தில் சாய்ந்திருந்தது. அம்மாவின் நீலச் சைக்கிள் ஒரு கால் இல்லாமல் அதன் பக்கத்தில். ஒன்றரை மணி நேரம். இந்த வெயிலில், இந்தச் சீமைக்கருவேலங்காட்டில், அந்த மனுஷனுக்காக ஒன்றரை மணி நேரம் காத்திருப்பதற்கா மதுரையிலிருந்து புறப்பட்டு வந்தது? அவன் இல்லாமல் கன்னியாகுமரி வரைக்கும் இருநூற்றைம்பது கிலோமீட்டர் போகமுடியும் என்று காட்டுவதற்குத்தானே வந்தது. யாருக்குக் காட்ட? பெனிக்கு. ஒன்றரை வருஷமாக அவன் தூத்துக்குடியில், துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டு. இவள் மதுரையில், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் குழாய்களுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டு. வருகிற ஜூனில் பெனி ஏழாம் வகுப்பு எங்கே படிப்பது, யாரோடு இருப்பது என்பதைப் பெனியே சொல்லட்டும் என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம். எப்போது சொல்ல வேண்டும் என்பதை ஜெபமலர்தான் வைத்தாள். கன்னியாகுமரியில், பயணம் முடிந்ததும். அஞ்சு நாள் அம்மாவோடு வா, கடலைப் பார், அப்புறம் சொல். இரண்டாவது நாள் காலையிலேயே இப்படி.

அவன்தான் செய்தான், அதில் சந்தேகம் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக்கூடப் போகாமல் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினான். வீட்டுக்குள் வரவில்லை, காப்பி வேண்டாம் என்றான். வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்து இரண்டு சைக்கிளையும் பிரித்துப் போட்டான். செயினை மண்ணெண்ணெயில் ஊறவைத்தான், பிரேக் கட்டைகளை மாற்றினான், பெடல்களைக் கழற்றி கிரீஸ் வைத்துத் திரும்ப மாட்டினான். பெனி பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து அவன் கேட்குமுன் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தாள். இரண்டு மணி நேரம். இரண்டு மணி நேரத்தில் ஒரு மனுஷன் நல்ல அப்பாவாகிவிடலாம். மீதி முந்நூற்றறுபத்து நாலு நாளும் டிபன் கட்டி, தலைவாரி, காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்து, பேன் பார்த்து, கணக்கு நோட்டில் கையெழுத்துப் போட்டு, அதெல்லாம் யார் கண்ணுக்கும் தெரியாது, சோறு வேகிற சத்தம் மாதிரி. இவனுக்கு ஒரு ஸ்பேனர் போதும். மாடியிலிருந்து எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "வந்துட்டாரா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் எவ்வளவு சந்தோஷம். கடைசியில் பெனியின் நகப்பூச்சை வாங்கி, பெடல் கட்டைகளின் ஓரத்தில் சிவப்பாக எழுதினான். ஒன்றில் 'இ', இன்னொன்றில் 'வ'. இடது, வலது. "பஸ்ல ஏத்துறதுக்குப் பெடலைக் கழட்டச் சொல்லுவாங்க. திரும்பப் போடும்போது எழுத்தைப் பாத்துப் போடு" என்றான். பாத்துப் போடு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. பாத்துப் போ, பாத்து இறங்கு, பாத்து ஊத்து. பதினாலு வருஷம் பாத்துப் பாத்தே கண் பூத்துப்போயிற்று. எனக்குத் தெரியும் என்றுதான் அன்றைக்குச் சொன்னாள். என்ன தெரியும்? பெடலுக்கு இடம் வலம் என்று தனித்தனி மரை இருப்பது அவளுக்குத் தெரியாது. அதைச் சொல்லவேண்டியது அவன் கடமை இல்லையா? எழுத்தைப் பாத்துப் போடு என்றால் போதுமா, ஏன் என்று சொல்ல வேண்டாமா? எந்த வேலையைச் சொன்னாலும் காரணத்தை மட்டும் தன் பையிலேயே வைத்துக்கொள்கிற பழக்கம்.

அவள் ஒன்றும் தெரியாமல் கிளம்பி வந்தவள் இல்லை. இரண்டு மாதமாக ராத்திரிச் சாப்பாடு ஆனதும் பால்கனியில் டயரைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டிப் பழகியிருந்தாள். நேற்று சிக்கல் என்கிற ஊரைத் தாண்டியதும் பின்சக்கரத்தில் கருவேல முள் ஏறியபோது, யாரையும் கூப்பிடவில்லை, டியூபை உருவி, குடிக்கிற தண்ணீரில் கொஞ்சம் டிபன் டப்பா மூடியில் ஊற்றி, அதில் காட்டிக் காட்டிக் குமிழி வருகிற இடத்தைக் கண்டுபிடித்து, தேய்த்து, பசை தடவி, காயவிட்டு, ஒட்டி, காற்றடித்து, இருபத்தாறு நிமிஷம். பெனிதான் மணி பார்த்தாள். "கடைக்காரரே அரை மணி நேரம் ஆக்குவாரும்மா" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நேற்று முழுக்க ஜெபமலர் எதிர்காற்றில் மிதித்தாள். மத்தியானம் செயின் நழுவி உள்ளே மாட்டிக்கொண்டபோது அதையும் எடுத்துவிட்டாள். பிரேக் கீச்சிட்டதற்குக் கட்டையைக் கொஞ்சம் முன்பக்கம் சாய்த்துவைத்தாள். கை முழுக்கக் கறுப்பு, நகத்துக்குள் கறுப்பு, சாயல்குடியில் ராத்திரி தங்கிய தோழி வீட்டில் சோறு பிசையும்போதும் அந்தக் கறுப்பைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டாள். தானே சரிசெய்தது எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது. டியூப் நிற்கிறது, செயின் நிற்கிறது, பிரேக் நிற்கிறது. அவன் கைவைத்தது மட்டும் விழுந்திருக்கிறது. இதில் என்ன சந்தேகம்? இதை எந்த நீதிமன்றத்திலும் சொல்லலாம். சொன்னால் மட்டும் யார் கேட்பார்கள்.

சும்மா நிற்கவும் முடியவில்லை. சைக்கிளின் பக்கம் குனிந்து, பெடலை மறுபடியும் அதன் துளைக்குள் வைத்துத் திருகிப் பார்த்தாள். பெடலைத் தாங்குகிற அந்த அலுமினியக் கையின் துளை உள்ளே வழவழவென்று ஆகியிருந்தது, விரலை விட்டால் பல் விழுந்த ஈறு மாதிரி. பிஸ்கட் பொட்டலத்தின் தாளைக் கிழித்து மடித்துச் சுற்றித் திருகினாள். இறுகினமாதிரி இருந்தது. "பெனி, பிடி" என்றாள். பெனி வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டாள். ஏறி ஒரு மிதி, இரண்டு மிதி, பத்தாவது மிதியில் பெடல் டக்கென்று தார்ச்சாலையில் விழுந்து உருண்டது, கால் காற்றை மிதித்தது, இடுப்பு ஒருபக்கம் இழுத்துக்கொண்டது. பெனிக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை உதட்டுக்குள் போட்டு அடக்கிக்கொண்டாள். அதுதான் ஜெபமலரை இன்னும் எரியவைத்தது. சிரித்துத் தொலைத்தால் என்ன? அம்மா கோபமாக இருக்கும்போது சிரிக்கக்கூடாது என்று எப்போது கற்றுக்கொண்டாய்? முன்பெல்லாம் சிரிப்பாள். எல்லோரும் சிரித்தால் சேர்ந்து சிரிப்பாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் தூத்துக்குடி வீட்டில், கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு இருபது பேர் உட்கார்ந்திருந்தபோது, சைக்கிள் வாங்கி ஓட்டப்போகிறேன், ஒருநாள் கன்னியாகுமரி வரைக்கும்கூடப் போவேன் என்று ஜெபமலர் சொன்னாள். சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொன்னாள். ரூபன் இறைச்சியைக் கடித்துக்கொண்டே, "இவளுக்கு மரை கழண்டுட்டு" என்றான். இருபது பேரும் சிரித்தார்கள். இலையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். ஒன்பது வயதுப் பெனியும், பெரியவர்கள் சிரிக்கிறார்கள் என்று, பல் விழுந்த வாயைத் திறந்து சிரித்தாள். மரை கழண்டுட்டு. மண்டைக்குள் எதுவோ லொடலொடவென்று ஆடுகிறது என்று அர்த்தம், ஊரில் எல்லோரும் சொல்கிற சாதாரண வார்த்தைதான், ரூபன் சாயங்காலமே மறந்திருப்பான். பிரிந்து வந்தபோது சபைப் போதகர் கூப்பிட்டுக் கேட்டார், அடிச்சாராம்மா, குடிச்சாராம்மா, வேற ஏதாவது தொடர்பாம்மா. மூன்றுக்கும் இல்லை என்றாள். அப்புறம் என்னம்மா என்றார். ஒரு வார்த்தை சொன்னார் ஐயா என்று எப்படிச் சொல்வது. ஒரு வார்த்தைக்கா குடும்பத்தை விட்டு வந்தாய் என்பார். ஒரு வார்த்தைக்கு இல்லை, அதற்கு முன்னாலும் பின்னாலும் ஆயிரம் இருக்கிறது, ஆனால் எண்ணிச் சொல்ல ஆரம்பித்தால் ஒவ்வொன்றும் அவ்வளவு சின்னதாக இருக்கிறது, கடுகு டப்பா கவிழ்ந்தமாதிரி, பொறுக்கிக் கையில் எடுத்துக் காட்டவே வெட்கமாக இருக்கிறது.

டிவிஎஸ் ஐம்பது வண்டி ஒன்று தாண்டிப் போய், நின்று, திரும்பி வந்தது. பின்னால் இரண்டு பக்கமும் நுங்குக் குலைகள் தொங்கின. ஓட்டிவந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும், தலையில் துண்டு, சட்டைப்பையில் பீடிக்கட்டு. இன்ஜினை அணைக்காமலே காலை ஊன்றிக்கொண்டு, "என்னக்கா, பெடலு வுழுந்துட்டோ?" என்றார்.

"ஆமா. ஆள் வருது, நீங்க போங்க."

"எங்கேருந்து வாரிய?"

"மதுரை."

"மதுரையிலேருந்து மிதிச்சா?"

"ராமநாதபுரம் வரைக்கும் பஸ்ஸு, அதுக்கப்புறம் மிதிச்சு" என்று பெனி கல்லிலிருந்து சொன்னாள். "கன்னியாகுமரி போறோம்."

"யம்மாடி. வீட்டுக்காரரு வரலியா?"

இந்தக் கேள்வி. நேற்றிலிருந்து இது ஏழாவது தடவை. டீக்கடையில், பெட்ரோல் பங்கில், தண்ணீர் வாங்கின இடத்தில். சைக்கிள் நன்றாக ஓடும்போதும் கேட்டார்கள், ஓடாதபோதும் கேட்கிறார்கள். வரலை, வரமாட்டார், எனக்கு வீட்டுக்காரர் கிடையாது, வீடு வேண்டுமானால் இருக்கிறது, வாடகை நான் கொடுக்கிறேன் என்று ஒரு அட்டையில் எழுதி முதுகில் தொங்கவிட்டுக்கொள்ளலாமா? அவள் பதில் சொல்வதற்குள், "வந்துக்கிட்டு இருக்காங்க" என்றாள் பெனி. அப்படியானால் சரி என்பதுபோலத் தலையாட்டிவிட்டு அந்த ஆள் இப்போதுதான் வண்டியை அணைத்தார். அரிவாளை எடுத்து ஒரு காயைச் சீவி, மூன்று கண்ணையும் திறந்து பெனியிடம் நீட்டினார். "குடி பாப்பா, சும்மாதான். வெயிலு கொளுத்துது." பெனி அம்மாவைப் பார்த்தாள். ஜெபமலர் கண்ணால் வாங்கிக்கொள் என்றாள். அந்த ஆள் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, கேட்காமலே அவள் கையிலிருந்த பெடலை வாங்கிப் பார்த்தார்.

"மரை போயிட்டே" என்றார்.

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் அவளுக்குப் பிடரியில் சுர்ரென்றது. பெடலின் மரைதான், வேறொன்றும் இல்லை. எஃகுப் பெடலின் மரை நன்றாகத்தான் இருந்தது, போனது துளையின் மரை. அதைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை இந்த ஆளுக்கு.

"இது வச்சு ஓட்ட முடியாதுக்கா. இந்தக் கையவே மாத்தணும். வேம்பார்ல கெடைக்காது, தூத்துக்குடிக்குத்தான் போவணும். யாரு மாட்டுனது?"

"இவ அப்பா" என்றாள் ஜெபமலர். சட்டென்று, யோசிக்காமல், பேரைக் கேட்டால் பேர் சொல்வதுபோல.

பெனி நுங்கிலிருந்து வாயை எடுத்தாள்.  மறுபடியும் குனிந்து உறிஞ்சினாள்.

அந்த ஆள் பெடலின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் துடைத்தார். கிரீஸ் விலகியதும் சிவப்பு தெரிந்தது. "இந்தா, 'வ'ன்னு எழுதியிருக்குல்லா. இது வலதுக்கு உள்ளது. இதைக் கொண்டு இடதுல சொருவியிருக்காவ." சைக்கிளின் அந்தப் பக்கம் போய்க் குனிந்தார். வலப்பக்கத்துப் பெடலை ஆட்டினார், அதுவும் ஆடியது. "இங்க 'இ' இருக்கு. பாத்தியளா, ரெண்டையும் மாத்திப் போட்டு, பலவந்தமா முறுக்கியிருக்காவ. எழுதிவச்ச பிறகும் ஒருத்தன் இப்படிப் போட்டான்னா, பெடலுக்கு இல்லக்கா, போட்டவனுக்குத்தான் மரை கழண்டிருக்கணும்." தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். "வீட்டுக்காரர்ட்ட சொல்லிராதிய, சண்டைக்கு வந்துருவாரு." வண்டியை மிதித்துக் கிளப்பி, பெனியைப் பார்த்துக் கையைத் தூக்கிவிட்டுப் போய்விட்டார். நுங்குக் குலைகள் ஆடிக்கொண்டே சின்னதாகி, காடு திரும்புகிற இடத்தில் மறைந்தன.

ஜெபமலர் நின்ற இடத்திலேயே நின்றாள். மறுபடியும் பெடல் அவள் கையில். கட்டைவிரல் தானாகப் போய் அந்தச் சிவப்பு எழுத்தின்மேல் உட்கார்ந்தது. தானாக. அப்படியா? விழுந்த பெடலைத் தார்ச்சாலையிலிருந்து குனிந்து எடுத்தபோதே, எடுத்த முதல் விநாடியிலேயே, அந்த எழுத்தை அவள் பார்த்தாள். பார்த்ததும் விரல் அதை மூடியது. கிரீஸை அதன்மேல் இழுத்துத் தேய்த்தது எந்த விரல்? பிறகுதான் போனை எடுத்தாள். பிறகுதான் கத்தினாள். நேற்று விடிந்தும் விடியாத நேரம், ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டு. நடத்துநர் பெரிய சைக்கிளின் பெடலைக் கழற்றினால்தான் பஸ்ஸின் அடிப்பெட்டியில் வைக்கவிடுவேன் என்று மதுரையில் சொல்லியிருந்தார், சின்னச் சைக்கிள் அப்படியே போயிற்று. இறக்கிய இடத்திலேயே ஜெபமலர் தன் சைக்கிளை ஹேண்டில்பாரும் சீட்டும் தரையில் படத் தலைகீழாக நிறுத்தினாள். கடைக்காரர்கள் அப்படித்தான் நிறுத்துவார்கள். பின்சக்கரத்துப் பக்கம் உட்கார்ந்து, 'இ' பெடலைத் தன் இடது கைப்பக்கமும், 'வ' பெடலைத் தன் வலது கைப்பக்கமும் வைத்தாள். தலைகீழாக நின்ற சைக்கிளுக்கு இடம் வலம் மாறிப்போகும் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. பெடல் ஏறவில்லை. பதினைந்தாம் நம்பர் ஸ்பேனரை மாட்டித் திருகினாள், மூச்சைப் பிடித்துத் திருகினாள், கடைசியில் எழுந்து நின்று ஸ்பேனரின் நுனியில் செருப்புக்காலை வைத்து ஏறி மிதித்தாள். கிர்ரென்று ஒரு சத்தம். பல்லைக் கூசவைக்கிற சத்தம், உள்ளே எதுவோ அறுபடுகிறது என்று எந்தச் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். பெனி பக்கத்தில் நின்றாள். "அம்மா, அப்பா போடும்போது கையாலேயே போச்சு" என்றாள். "அப்பா பெருமை அப்புறம் பேசலாம், இப்பப் பேசாம இரு" என்றாள் ஜெபமலர். பேசாம இரு. நேற்றுப் பேசாமல் இருந்தவள்தான், இன்றைக்குக் காலையில் அம்மா போனில் கத்தும்போதும் பேசாமல் இருந்தாள், நுங்குக்காரர் கேட்டபோதும் பேசாமல் இருந்தாள்.

தெரிந்திருக்கிறது. எல்லாம் தெரிந்துகொண்டு உட்கார்ந்து நுங்கு குடிக்கிறது. இந்தப் பொறுமை யாரிடமிருந்து வந்தது என்று கேட்கவே வேண்டாம், அப்படியே அப்பன். குற்றம் சொல்லாமலே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிற பொறுமை. ஒரு வார்த்தை, அம்மா நீதானே போட்டாய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பளாரென்று ஒன்று வைத்துவிட்டு, அழுதுவிட்டு, இரண்டு பேரும் சிரித்திருக்கலாம். இல்லை. வைத்திருக்கமாட்டாள். அவள் இதுவரை பெனியை அடித்ததில்லை. அதைக்கூட ஒரு தகுதியாக மனதில் குறித்துவைத்திருக்கிறாளே, எதற்கு? கன்னியாகுமரியில் காட்டுவதற்கா? பாரும்மா, நான் அடித்ததில்லை, பஞ்சர் ஒட்டுவேன், இருபத்தாறு நிமிஷத்தில் ஒட்டுவேன். சீச்சீ. வேட்பாளர் மாதிரி. வெயில் மரத்து நிழலை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. சாலைக்கு அந்தப்பக்கம் எங்கேயோ உப்பளம், காற்று வரும்போது நாக்கில் உப்பு வந்தது. லாரி ஒன்று போயிற்று, ஆரன் அடித்துக்கொண்டு, தேவையில்லாமல்.  பயம். கோபத்தின் பின்னாலேயே ஒளிந்துகொண்டிருந்தது இதுதான். ஜூன் மாதம் காலையில் இரண்டு டம்ளர் வைக்கவேண்டிய இடத்தில் ஒரு டம்ளர். மாடிக் கொடியில் பள்ளிக்கூடச் சட்டை இல்லாமல் இவளுடைய புடவை மட்டும். அதை நினைத்ததும் கோபம் திரும்ப வந்தது, வந்தது நல்லதாகப் போயிற்று, கோபத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம், பயத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கமுடியாது.

"பெனி."

"ம்."

"நேத்து பஸ் ஸ்டாண்டுல நீ ஏதோ சொல்ல வந்தியே."

"எப்ப?"

"பெடல் போடும்போது."

பெனி காலியான நுங்குக் கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஞாபகம் இல்லம்மா" என்றாள்.

பொய். பன்னிரண்டு வயதில் இவ்வளவு சுத்தமாகப் பொய் சொல்ல இரண்டு வீட்டுக்கு நடுவில் வளர்ந்த பிள்ளையால்தான் முடியும். இங்கே கேட்டதை அங்கே சொல்லாமல், அங்கே பார்த்ததை இங்கே சொல்லாமல், ஒன்றரை வருஷமாகப் பழகிய வாய். யார் பழக்கியது? ரூபன் பழக்கினான் என்று சொல்ல மனம் நாக்கைத் தூக்கியது. சொல்ல முடியவில்லை. ஸ்பேனர்மேல் ஏறி நின்ற கால் அவளுடையது.

பத்தேகால் மணிக்குக் குட்டியானை என்கிற அந்தச் சின்னச் சரக்கு வண்டி ஒன்று வந்தது. யாரிடமோ இரவல் வாங்கியது, முன்கண்ணாடியில் வேறு யாரோ ஒருவரின் குலசாமி படம். ரூபன் இறங்கினான். துறைமுகத்துச் சீருடைச் சட்டையை மாற்றக்கூட இல்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் எலுமிச்சைச் சாறு, ஐஸ்கட்டி மிதந்துகொண்டிருந்தது. அதையும் நினைத்துச் செய்திருக்கிறான். அவ்வளவு அவசரத்திலும் ஐஸ்கட்டி. "ஏட்டி பெனி, கரிக்கட்டையா ஆயிட்டியே" என்றான். பெனி சிரித்தாள், பாட்டிலை வாங்கிக்கொண்டாள். ஜெபமலரைப் பார்த்து, "அடி ஏதும் படலியே?" என்றான். இல்லை என்று தலையாட்டினாள். பெடலை நீட்டினாள். இந்தத் தடவை விரல் எழுத்தை மூடவில்லை. அல்லது அவன்தான் எழுத்து தெரியும்படி வாங்கினான். பார்த்தான். சைக்கிளின் இடப்பக்கம் உட்கார்ந்து துளைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தான். எழுந்து அந்தப் பக்கம் போய், வலது பெடலையும் குனிந்து பார்த்தான். அப்படியே கொஞ்ச நேரம் குனிந்திருந்தான். அவனுக்குத் தெரிந்துவிட்டது. இரும்போடு புழங்குகிற ஆள், அவனுக்கு இதைப் படிக்க ஒரு நிமிஷம் போதும். இப்போது சொல்லப்போகிறான். எழுத்தைப் பாத்துப் போடச் சொன்னேனே என்று. சொல்லட்டும், சொன்னால் திருப்பிச் சொல்ல அவளிடம் மூன்று பதில் தயாராக இருந்தது. தலைகீழாக நிறுத்தக்கூடாது என்று ஏன் சொல்லவில்லை. மரை எதிர்த்திசை என்று ஏன் சொல்லவில்லை. ஏன் எதையுமே முழுதாகச் சொல்வதில்லை.

ரூபன் நிமிர்ந்தான். பெனியைப் பார்த்தான். "தப்பு என் மேலதான்" என்றான். "அன்னைக்கு மாத்தி மாட்டிட்டேன் போல. அவசரத்துல கவனிக்கல."

 இது என்ன? இது என்ன விளையாட்டு? அவன் மாட்டியது சரி என்று அவனுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், பெனிக்குத் தெரியும். மூன்று பேருக்கும் தெரிந்த ஒன்றை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறான், பெனியின் கண்ணுக்கு முன்னால், எலுமிச்சைச் சாற்றோடு. இவளை அவமானத்திலிருந்து காப்பாற்றுகிறானாம். அல்லது உண்மையிலேயே, கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லாமல், அவளுக்குக் கஷ்டமாக இருக்குமே என்று சொல்கிறானா? அப்படியானால் அது இன்னும் மோசம். இதை வாங்கி வைத்துக்கொண்டால் ஆயுசுக்கும் இறக்கிவைக்க முடியாது. இருபது பேருக்கு முன்னால் மரை கழண்டவள் என்று சொன்னதைத் தாங்கிக்கொள்ளலாம், இந்தப் பெருந்தன்மையைத் தாங்கமுடியாது. ஆமா நீங்கதான் போட்டீங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துபோகும், காலையில் போனில் கத்தியதற்குக்கூட நியாயம் கிடைத்துவிடும், அவனே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டான். பெனி பாட்டிலை வாயில் வைத்தபடி அம்மாவைப் பார்த்தாள். உறிஞ்சவில்லை.

"நீங்க போடல" என்றாள் ஜெபமலர்.  "நீங்க சரியாத்தான் போட்டீங்க. நான்தான் ராமநாதபுரத்துல மாத்திப் போட்டேன். ஏறலன்னதும் ஸ்பேனர் மேல ஏறி மிதிச்சேன். எழுத்தையும் பாத்தேன். பாத்துட்டுத்தான் உங்களுக்குப் போன் பண்ணித் திட்டினேன்."

"சரி விடு, யாரு போட்டா என்ன."

"விடமுடியாது. நீங்க ஏன் பொய் சொல்றீங்க? அவ கண்ணு முன்னாடி ஏன் சொல்றீங்க?"

"சண்டை வேண்டாமேன்னுதான்."

"சண்டை வேண்டாம்னா அன்னைக்குக் கிறிஸ்துமஸுக்கு வாய மூடியிருக்கணும்."

ரூபனுக்குப் புரியவில்லை. எந்தக் கிறிஸ்துமஸ் என்று அவன் முகம் கேட்டது. உண்மையாகவே அவனுக்கு ஞாபகம் இல்லை. மூன்று வருஷமாக அவள் தினமும் கையில் எடுத்துத் துடைத்துத் துடைத்து வைத்திருந்த ஒன்று, அவனிடம் இல்லவே இல்லை. அதைப் பார்த்தபோது சிரிப்பு வருவதுபோல இருந்தது, ஆனால் வந்தது சிரிப்பு இல்லை. அவள் திரும்பிப் பெனியைப் பார்த்தாள். "உனக்கும் தெரியும்ல?"

"தெரியும்" என்றாள் பெனி.

"அப்புறம் ஏண்டி சொல்லல?"

"நீ போன்ல பேசிட்டு இருந்தம்மா."

ஜெபமலர் கையிலிருந்த கறுப்பைப் புடவையில் துடைத்தாள். புடவை கறுப்பானது, கை அப்படியே இருந்தது. இனி மூன்று நாள், பெனி யாரோடு இருப்பாள் என்கிற கேள்வியைத் தலையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மேட்டிலும் பிள்ளையின் முகத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு மிதிக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றிய கணத்திலேயே வாய் சொல்லிவிட்டது, அதுவும் கோபமாகத்தான் சொன்னது. "கன்னியாகுமரி வரைக்கும் எதுக்கு? அப்பாவும் நிக்கிறாங்க, நானும் நிக்கிறேன். இப்பவே சொல்லிடு."

"ஏ, பிள்ளைய ஏன்..." என்று தொடங்கிய ரூபன் நிறுத்திக்கொண்டான்.

பெனிட்டா பாட்டிலை மூடிக் கல்லின்மேல் வைத்தாள். ஏழாம் வகுப்பைத் தூத்துக்குடியில் அப்பாவோடு இருந்து படிப்பதாகச் சொன்னாள். சைக்கிளைச் சரிசெய்தபின் கன்னியாகுமரி வரைக்கும் அம்மாவோடு மிதித்து வருவதாகச் சொன்னாள்.